கணக்கு டீச்சர் வந்தாச்சா?

(வலையபட்டியில் நடந்த கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், ஓய்வு பெற்ற கணித ஆசிரியை ஒருவர் பேசியது. பேச்சைக் கேட்டு எழுதி, அவரிடம் காட்டித் திருத்தி இங்கே தருகிறோம்.)



என்னைக் கூப்பிட்டபோது ‘பெண் கல்வியின் அவசியம்’ என்று தலைப்புக் கொடுத்தாங்க. பலகாரம் சுட்டும், கொட்டான் முடைந்தும், நூறு நாள் வேலைக்குப் போயும் பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவங்க நீங்க. உங்ககிட்ட வந்து நான் அதைப் பேசினால் கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும். அதனால் தலைவியிடம் அனுமதி கேட்டுத் தலைப்பை மாற்றிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இல்லாமல் போவதைப் பற்றிப் பேசப் போகிறேன். முக்கியமாக, ஆறாம் வகுப்புக்கு மேலே.

நான் ஓய்வு பெற்றது 2023 மே 31. மாலை போட்டாங்க, பொன்னாடை போர்த்தினாங்க, பிள்ளைகள் அழுதுச்சு, நானும் அழுதேன். ஜூனில் பள்ளி திறந்தது. ஜூலை வாக்கில் காரைக்குடி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பின் சீட்டிலிருந்து ஒரு அம்மா என் தோளைத் தட்டினாங்க. “டீச்சரம்மா, ஒங்களுக்குப் பதிலா ஆளு போட்டாகளா? எம்மக பத்தாவது. கணக்குக்கு டீச்சரே இல்லைங்குறா.”

எனக்கு முகம் எரிந்தது. அந்தப் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பில் கணக்கு நடத்தினது நான்தான். நான் மாலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். என் நாற்காலி அப்படியே கிடக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. நான் எந்த வருஷம் எந்த மாதம் ஓய்வு பெறுவேன் என்பது நான் வேலையில் சேர்ந்த அன்றைக்கே பணிப்பதிவேட்டில் தெரிந்த விஷயம். நடுவில் ஒரு மாற்றம் வந்தது. ஓய்வு வயது 58 ஆக இருந்ததை 2020-ல் 59 ஆக்கினாங்க, 2021-ல் 60 ஆக்கினாங்க. அதனால் இரண்டு வருஷம் வயது ஓய்வு என்பதே ஏறக்குறைய இல்லை. 2022-லிருந்து மறுபடி வரிசையாகப் போக ஆரம்பித்தோம். ஆக, யார் எப்போது போவாங்க என்பது தெரியாத ரகசியம் இல்லை. உங்க குழுவில் எந்தத் தேதியில் எந்தத் தவணை வரும்னு ஊக்குநர் விரல் விட்டுச் சொல்லுவாங்க இல்லையா, அதே மாதிரி தெரிந்த தேதி. தெரிந்த தேதிக்கு ஏன் ஆள் தயாராக இல்லை என்பதுதான் கேள்வி.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதல் வேலை திருவண்ணாமலை மாவட்டத்தில். மலையடிவாரத்து ஊர். எட்டு வருஷம் அங்கே இருந்தேன். நல்ல சனம், நல்ல பிள்ளைகள். ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் மாறுதலுக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். மாமியாருக்கு உடம்பு முடியலை, பிள்ளை சின்னது, வீட்டுக்காரருக்கு இங்கே வேலை. ஆணை வந்த அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிட்டேன். அந்த ஊரில் எனக்குப் பதிலாக யார் வந்தார், எப்போது வந்தார் என்று நான் திரும்பிக் கேட்கவே இல்லை. பஸ்ஸில் அந்த அம்மா தோளைத் தட்டினபோதுதான் அந்த மலையடிவாரத்து எட்டாம் வகுப்பு ஞாபகத்துக்கு வந்தது.

தமிழ்நாட்டில் இது ரொம்பக் காலமாக நடக்கிற விஷயம். வேலைக்குத் தேர்வாகிறவர்களில் தென் மாவட்டத்துக்காரர்கள் நிறைய. காலியிடம் வடக்கே திருவண்ணாமலை, விழுப்புரம், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் அதிகம். இங்கிருந்து அங்கே போகிறோம், கலந்தாய்வு வரும்போது தெற்கே திரும்பி வருகிறோம். வீடு ஓரிடம், வேலை ஓரிடம்னு பிள்ளையையும் சுமந்துகொண்டு அலைகிற ஆசிரியைகளை நான் குற்றம் சொல்ல மாட்டேன். சொல்வதற்கு எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் ஒருத்தர் போகிற அன்றைக்கே இன்னொருத்தர் வருகிற மாதிரி ஏற்பாடு இல்லையென்றால், நடுவில் விழுகிறது பிள்ளைகள்தான்.

நம்ம பக்கம் ஆசிரியர் உண்டாக்குகிற பக்கம். அழகப்பச் செட்டியார் 1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். அடுத்த சில வருஷத்திலேயே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் தொடங்கிவிட்டார். படிப்பு வேண்டும் என்றால் முதலில் படிப்பிக்கிறவர் வேண்டும் என்பது அந்த மனுஷருக்குத் தெரிந்திருக்கு. 1985-ல் அழகப்பா பல்கலைக்கழகமே வந்துவிட்டது. அப்படியிருக்க நமக்கு ஏன் பஞ்சம்?

இந்தப் பந்தலில் பி.எட். முடித்தவங்க, அல்லது வீட்டில் மகளோ மருமகளோ பி.எட். முடித்து இருக்கிறவங்க கையைத் தூக்குங்க பார்ப்போம்.

(கைகள் உயர்கின்றன.)

பதினொன்று. பின்னாடி இரண்டு… பதிமூன்று. இத்தனை பேர் ஒரு பந்தலில் இருக்கும்போது ‘ஆசிரியர் கிடைக்கலை’ என்று சொன்னால் பொருந்துமா? கிடைக்கிறார்கள். தேர்ந்தெடுத்து, ஆணை கொடுத்து, இந்தப் பள்ளிக்குப் போ என்று அனுப்புகிற வேலை பள்ளிக்கூடத்தின் காலண்டரோடு சேர்ந்து நடப்பதில்லை.

அந்தப் பதிமூன்று பேருக்கும் இந்தக் கதை தெரியும். முன்னே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுச் சீனியாரிட்டிக்குக் காத்திருந்தோம். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதை ஒட்டி, எட்டாம் வகுப்பு வரைக்கும் நடத்த வேண்டுமானால் தகுதித் தேர்வு எழுதி ஜெயிக்கணும்னு ஆனது. டெட் என்று சொல்கிறோமே, அது. தமிழ்நாட்டில் முதல் டெட் 2012 ஜூலையில் நடந்தது. ஆறு லட்சத்துக்கு மேலே எழுதினாங்க. தேறினது 2,448 பேர். அப்புறம் அதே வருஷம் அக்டோபரில் துணைத் தேர்வு வைத்து இன்னும் கொஞ்சம் பேர் வந்தாங்க. 2018-ல் இன்னொரு படி வைத்தாங்க. டெட்டில் ஜெயித்தாலும் போதாது, வேலைக்கென்று தனியாகப் போட்டித் தேர்வு எழுதணும். நான் ஓய்வு பெற்ற வருஷம் அக்டோபரில் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு 2,222 இடம் என்று அறிவிப்பு வந்தது. தேர்வு 2024 பிப்ரவரி 4. தேர்வு எழுதினவங்க கையில் ஆணை வருவதற்கு அதற்கு அப்புறமும் எத்தனையோ மாதம். அறிவிப்புக்கும் ஆணைக்கும் நடுவில் ஒரு பத்தாம் வகுப்பு முழுசாகப் பரீட்சை எழுதிவிட்டுப் பள்ளியை விட்டே போய்விடுகிறது.

தேர்வே வேண்டாம்னு நான் சொல்லலை. தெரிந்த ஆள்தான் பாடம் நடத்தணும். ஆனால் தெரிந்த ஆளைத் தேடிக்கொண்டே இருக்கிற நேரத்தில் வகுப்பில் யாருமே இல்லை என்பதும் உண்மை.

இப்போ 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கு. ஏற்கெனவே வேலையில் இருக்கிறவர்களும், ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்தால், இரண்டு வருஷத்துக்குள் டெட் ஜெயிக்கணும். ஐந்து வருஷத்துக்குக் குறைவாக இருக்கிறவங்க வேலையில் தொடரலாம், பதவி உயர்வு மட்டும் டெட் இல்லாமல் கிடையாது. தமிழக அரசு சீராய்வு கேட்டுப் போயிருக்கிறது. இருபது வருஷம் நல்லா நடத்தின ஆசிரியைகள் ராத்திரி கைடு வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறதை நான் பார்க்கிறேன். இது எப்படி முடியும்னு சொல்லத் தெரியலை. ஆனால் உங்க பள்ளியில் எத்தனை பேருக்கு இது பொருந்தும்னு இப்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. நாளைக்கு இடம் காலியான பிறகு கேட்டு என்ன செய்ய?

சரி, ஆள் வருகிற வரைக்கும் என்ன செய்கிறாங்க? தற்காலிக ஆசிரியர். 2022-ல் தமிழ்நாடு முழுக்க 13,331 காலியிடத்துக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலமாகவே தற்காலிகமாக ஆள் எடுத்துக்கொள்ளச் சொன்னாங்க. பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய், இடைநிலைக்கு 7,500, முதுகலைக்கு 12,000 என்று அப்போது வைத்தாங்க. நீதிமன்றத்துக்குப் போய், தகுதி உள்ளவர்களைத்தான் எடுக்கணும்னு விதியைத் திருத்தி அப்புறம் நடந்தது. ஓவியம், உடற்கல்வி, தையல், கம்ப்யூட்டர் நடத்துகிற பகுதி நேர ஆசிரியர்கள் கதை இன்னும் பழசு. 2012-ல் 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தாங்க. அதில் எத்தனையோ பேர் விட்டுவிட்டுப் போயாச்சு. இருந்தவங்க 2024-ல் 12,500 வாங்கிக்கொண்டு நிரந்தரம் கேட்டுப் போராடினாங்க. பள்ளிக்கூடத்தில் ஆள் எண்ணும்போது இவங்களும் ஒரு தலைதான். வீட்டுக் கணக்கில் பார்த்தால் ஜவுளிக்கடைச் சம்பளம். ஒரு நல்ல கணக்கு ஆசிரியை அந்தச் சம்பளத்துக்கு எத்தனை நாள் நிற்பாள்? நின்ற வரைக்கும் அவளுக்குக் கும்பிடு போடணும்.

இது நம்ம ஊர்ப் பாடு மட்டும் இல்லை. 2030-க்குள் உலகத்துக்கு இன்னும் 4 கோடியே 40 லட்சம் ஆசிரியர் வேண்டும் என்று யுனெஸ்கோ 2024-ல் கணக்குச் சொன்னது. இலங்கையில் மலையகத் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களில் நம்ம தமிழ்ப் பிள்ளைகள் கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் இல்லாமல் ரொம்பக் காலமாகத் திண்டாடுகிறார்கள். எங்கே போனாலும் முதலில் காலியாகிறது கணக்கும் அறிவியலும்தான்.

இப்போ எண்ணிக்கை விஷயத்துக்கு வருகிறேன். கணக்கு டீச்சர் இல்லையா, கணக்குப் பேசாமல் போக மாட்டேன்.

இந்தியாவில் பள்ளி ஆசிரியர் எண்ணிக்கை 2024-25-ல் முதல் முறையாக ஒரு கோடியைத் தாண்டியது. அதில் பாதிக்கு மேல் பெண்கள். உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் 21 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்று வருகிறது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கு! ஆனால் அதே கணக்கெடுப்பில், ஒரே ஒரு ஆசிரியர் மட்டும் இருக்கிற பள்ளிக்கூடம் ஒரு லட்சத்துக்கு மேலே. சராசரி என்பது அப்படித்தான். ஒரு குழுவில் ஒருத்தி 50,000 சேமித்து, இன்னொருத்தி ஒன்றுமே சேமிக்கலைன்னா, ஆளுக்கு 25,000 என்று எழுதி வங்கியில் காட்டலாம். சேமிக்காதவ வீட்டில் அடுப்பு எரியுமா?

பள்ளியிலும் அதே கதைதான். ‘எங்க பள்ளியில் எட்டு ஆசிரியர் இருக்காங்க’ என்று சொன்னால் நாம் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். அந்த எட்டில் கணக்குக்கு எத்தனை பேர்? அறிவியல் நடத்துகிறவர் எந்தப் பாடம் படித்தவர்? எட்டில் யார் மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்குப் போயிருக்கார்? யார் நீண்ட விடுப்பில் இருக்கார்? நான் இருந்த ஒரு பள்ளியில் ஒரு வருஷம் அறிவியல் ஆசிரியர் இல்லை. கணக்கு ஆசிரியையான நானே பத்தாம் வகுப்புக்கு உயிரியல் நடத்தினேன். முதல் நாள் ராத்திரி படித்து மறுநாள் நடத்துவேன். பிள்ளைகளுக்கு ஐம்பது, அறுபது மார்க் வந்தது. பாஸ்தானே என்று எல்லாரும் சந்தோஷப்பட்டோம்.

அந்த வகுப்பில் ஒரு பிள்ளை நர்ஸ் ஆகணும்னு சொல்லிக்கொண்டே இருக்கும். அம்மா உங்களை மாதிரி குழுவில் இருந்தவங்க. பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் குரூப் கேட்டுப் போனபோது, அந்தப் பக்கத்துப் பள்ளியில் அந்தக் குரூப்புக்கு முதுகலை ஆசிரியர் இரண்டு பேர் இல்லை. மார்க்கும் குறைவு. ‘வரலாறு குரூப் எடுத்துக்கோ’ என்று சேர்த்தாங்க. நல்ல குரூப்தான், குறை சொல்லலை. ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது அது இல்லை. ஒரு நாள் தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போன கடையில் மூன்றாவது மாடியில் நின்று சேலை பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தது. “டீச்சர், நல்லாயிருக்கீங்களா” என்று சிரித்தது. உயிரியல் நடத்தத் தெரியாமல் நான் நடத்தின அந்த வருஷம் என் மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அப்புறம் பொறியியல் மாதிரி படிப்புகளுக்கும் வந்தது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இதெல்லாம் பெரிய விஷயம். ஆனால் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஏணியை எடுத்துவிட்டால் எப்படி? கணக்கும் அறிவியலும் இல்லாமல் அந்தக் கதவுக்கு யார் ஏறிப் போவது?

இனி நான் சொல்லப்போவது சில பேருக்குக் கசக்கும்.

பள்ளியில் எத்தனை ஆசிரியர் பணியிடம் என்பதை எப்படி முடிவு செய்கிறாங்க தெரியுமா? ஆகஸ்ட் 1-ம் தேதி பதிவேட்டில் எத்தனை பிள்ளை இருக்கு என்பதை வைத்து. ஆறிலிருந்து எட்டு வரைக்கும் 35 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்று சட்டம் சொல்கிறது. பிள்ளை குறைந்தால் இருக்கிற ஆசிரியரில் ஒருத்தரை ‘உபரி’ என்று எழுதுவாங்க. பணி நிரவல் என்று சொல்லி வேறு பள்ளிக்கு அனுப்புவாங்க. அதாவது இடம் காலியாகவில்லை, இடமே இல்லாமல் போய்விட்டது. காலியான இடத்துக்கு ஆள் கேட்டு மனுப் போடலாம். இல்லாமல் போன இடத்துக்கு யாரிடம் போய்க் கேட்பது?

பிள்ளை ஏன் குறைகிறது? முதல் காரணம், பிறக்கிறதே குறைவு. என் தாயாருக்கு ஏழு பேர். எனக்கு இரண்டு. உங்களில் நிறையப் பேருக்கு ஒன்று, இரண்டு. அது நல்லதுதான். இரண்டாவது காரணம், நாமே மெட்ரிக் பள்ளி வேனில் ஏற்றி அனுப்புகிறோம். உங்க தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்க. உள்கடனில் ‘படிப்புச் செலவு’ என்று எழுதி வாங்கினது எவ்வளவு? ஆடு வாங்க, மிஷின் வாங்க, பலகாரத் தொழிலுக்கு என்று வாங்கினது எவ்வளவு? நான் சில குழுக்களின் புத்தகத்தைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் கேட்கிறேன். குழுக் கடன் பத்தாமல் நுண்கடன் கம்பெனியிலும் வாங்கி, வாராவாரம் கட்டி, வேன் ஃபீஸும் கட்டுகிறோம். நாம் எடுத்த பிள்ளையால் இங்கே ஒரு ஆசிரியர் குறைகிறார். ஆசிரியர் குறைந்ததால் அடுத்த வீட்டுக்காரியும் பிள்ளையை எடுக்கிறாள்.

இதை ஒரு கூட்டத்தில் நான் சொன்னபோது ஒரு ஆத்தா எழுந்து நறுக்கென்று கேட்டாக. “டீச்சரம்மா, நீங்க சொல்றது ஞாயந்தான். ஆனா பத்தாவதுல கணக்கு வாத்தியார் இல்லாத பள்ளிக்கொடத்துல, ஊருக்காக எம்பிள்ளைய மட்டும் நான் ஒக்கார வைக்கணுமா? வருசம் போனா திரும்பி வருமா?” எனக்குப் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. அந்த ஆத்தா நிலையில் நான் இருந்தாலும் பிள்ளையை எடுத்திருப்பேன். ஆகவே பிள்ளையை எடுத்த யாரையும் நான் குத்திக் காட்டலை. ஒருத்தி ஒருத்தியாக முடிவெடுத்தால் இப்படித்தான் முடியும் என்று மட்டும் சொல்கிறேன். ஒருத்தியாகப் போனால் வங்கி மேனேஜர் உட்காரக்கூடச் சொல்ல மாட்டார் என்றுதானே நாம் இருபது பேராகச் சேர்ந்தோம்?

பிரசவ விடுப்பைப் பற்றியும் பேசணும், இதைப் பெண்கள் கூட்டத்தில்தான் பேச முடியும். அரசு வேலையில் இருக்கிற பெண்களுக்கு 2021 ஜூலையிலிருந்து பிரசவ விடுப்பு ஒரு வருஷம். ரொம்பச் சரி. நான் பிள்ளை பெற்ற காலத்தில் பால் கட்டிக்கொண்டு வகுப்பில் நின்றிருக்கிறேன், அந்த வலி எனக்குத் தெரியும். ஆனால் ஒரு ஆசிரியை ஒரு வருஷம் விடுப்பில் போனால், காகிதத்தில் அந்த இடம் காலி இல்லை. ஆள் இருக்கார். வகுப்பில்தான் இல்லை. ‘பொம்பளை டீச்சரைப் போட்டாலே இப்படித்தான்’ என்று டீக்கடையில் பேசுகிறாங்க. நம்ம வாயிலிருந்து அந்தப் பேச்சு வரக்கூடாது. அவளுக்கு விடுப்பும் வேண்டும், அவ வகுப்புக்கு அந்த ஒரு வருஷத்துக்கு ஆளும் வேண்டும் என்று சேர்த்தே கேட்கணும். எப்போது போகிறாள் என்பதும் ஏழெட்டு மாதம் முன்னாடியே தெரிகிற தேதிதானே!

என் கதைக்குத் திரும்புகிறேன். பஸ்ஸில் அந்த அம்மா கேட்ட பிறகு எனக்கு இருப்புக் கொள்ளலை. தலைமை ஆசிரியையைப் பார்த்து, வாரத்துக்கு இரண்டு நாள் சம்பளம் இல்லாமல் வந்து பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன் என்றேன். அவங்க கையெடுத்துக் கும்பிட்டாங்க. மூன்று மாதம் போனேன். பிள்ளைகளுக்குச் சந்தோஷம், தாய்மார்களுக்குச் சந்தோஷம். நாலாவது மாதம் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. நான் போகிறதால் ‘கணக்கு நடக்குதுல்ல’ என்று எல்லாரும் சும்மா இருந்துவிட்டாங்க. ஒரு மனு இல்லை, ஒரு தீர்மானம் இல்லை. ஓட்டைப் பானையில் நான் விரலை வைத்துக்கொண்டு நின்றேன், பானை மாற்றணும்னு யாருக்கும் தோன்றலை. அப்புறம்தான் சில தாய்மார்களைச் சேர்த்துப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட வைத்து, முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்பினோம். தை பிறந்தபோது ஒரு தற்காலிக ஆசிரியை வந்தார். அடுத்த வருஷக் கலந்தாய்வில் நிரந்தரமாக ஒருத்தர் வந்தார். பள்ளி திறந்த மாதமே எழுதியிருந்தால் ஆயுத பூஜைக்குள் வந்திருப்பாரோ என்னவோ. அந்த வருஷப் பத்தாம் வகுப்பில் கணக்கில் போன பிள்ளைகளின் பேர் எனக்கு இன்றும் மனப்பாடம்.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்கணும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். இந்தப் பந்தலிலேயே அந்தக் குழுவில் இருக்கிறவங்க நிறையப் பேர் இருப்பீங்க. கூட்டத்துக்குப் போனால் என்ன செய்கிறோம்? நோட்டை நீட்டுவாங்க, கையெழுத்துப் போடுகிறோம், டீ குடித்துவிட்டு வருகிறோம். நம்ம குழுவில் யாராவது வெற்றுத் தீர்மானத்தில் கையெழுத்து வாங்கினால் விடுவீங்களா? “என்ன எழுதியிருக்கு, வாசி” என்று கேட்பீங்களா மாட்டீங்களா? அங்கே மட்டும் ஏன் கூச்சம்? தலைமை ஆசிரியர் நமக்கு எதிரி இல்லை. ஆள் இல்லாமல் அதிகம் அல்லாடுகிறது அவங்கதான். மேலே எழுதிப் போடுவதற்கு அவங்களுக்கு நம்ம தீர்மானம் ஒரு பிடி.

அதனால் ஒரு நோட்டு போடுங்க. நாற்பது பக்க நோட்டு போதும். கோடு போட்டு ஐந்து கட்டம். பாடம், அனுமதித்த பணியிடம், இப்போது இருக்கிறவர், நிரந்தரமா தற்காலிகமா, எந்த மாதம் ஓய்வு அல்லது விடுப்பு. வருஷத்தில் மூன்று தடவை நிரப்பினால் போதும். ஜூனில் பள்ளி திறந்ததும் ஒன்று, ஆகஸ்ட் 1 கணக்கெடுப்புக்கு முன்னாடி ஒன்று, தை மாதம் ஒன்று. தை எதற்கென்றால், அடுத்த மே மாதம் யார் ஓய்வு பெறப் போகிறார் என்பது அப்போதே தெரியும். மே 1 கிராம சபையில் அதைத் தீர்மானமாக வைக்கலாம். பள்ளியில் விவரம் தர யோசித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி எழுதிக் கேட்கலாம், முப்பது நாளில் பதில் தரணும். அந்த அளவுக்குப் போக வேண்டி வராது. ‘எத்தனை ஆசிரியர்’ என்று கேட்காதீங்க. ‘எந்தப் பாடத்துக்கு, எந்த வகுப்புக்கு, எத்தனை நாளாக ஆள் இல்லை’ என்று கேளுங்க.

இதெல்லாம் செய்தால் உடனே ஆள் வந்துவிடுமா என்றால், உறுதி சொல்ல மாட்டேன். பணம் மேலேயிருந்து வரணும். ஒன்றிய அரசு சமக்ர சிக்ஷா திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2024-25-க்குத் தர வேண்டிய 2,152 கோடி ரூபாயைத் தராமல் நிறுத்தி வைத்து, அது டெல்லி வரைக்கும் வழக்காகப் போன கதை உங்களுக்குத் தெரியும். பெரிய ஆட்கள் சண்டை போடுகிற இடம் அது. அங்கே நம்ம நாற்பது பக்க நோட்டு எடுபடாமலும் போகலாம். ஆனால் சிவகங்கையில் கல்வி அலுவலர் மேஜையில் எந்தப் பள்ளிக்கு முதலில் ஆள் போடுவது என்று யோசிக்கும்போது, தேதியோடு தாய்மார் தீர்மானம் இருக்கிற பள்ளியும் இருக்கும், எதுவுமே வராத பள்ளியும் இருக்கும். முப்பது வருஷம் அந்தப் பக்கம் இருந்தவள் சொல்கிறேன், வித்தியாசம் உண்டு.

கை தூக்கின பதிமூன்று பேரும் சாப்பிட்டுவிட்டு உடனே போயிடாதீங்க. என்ன பாடம், டெட் எழுதியாச்சா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்க. பள்ளியில் தற்காலிக இடம் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று கூட்டமைப்பிடம் ஒரு பட்டியல் இருக்கட்டும். தலைவியிடம் பேசிவிட்டேன், சரின்னு சொல்லியிருக்காக. நோட்டுக்கு நான் கோடு போட்டு ஒரு மாதிரி கொண்டுவந்திருக்கேன், ஊக்குநர்கள் வாங்கிக்குங்க.

சாம்பார் ஆறுதுன்னு பின்னாடியிருந்து கையைக் காட்டுறாக. போதும், நிறுத்திக்கிறேன்.